9 அங்குல பர்டிஸோ: வாங்கும் முன் கிடுக்கியைச் சோதியுங்கள், பூட்டும் முன் விதையை எண்ணுங்கள்

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு அடுத்த வருட உழ்ஹிய்யாவுக்கென்று (பெருநாள் குர்பானிக்கென்று) கிடாய்க்குட்டி வாங்கிக் கட்டுபவர்கள் ஏறாவூர், காத்தான்குடி, ஓட்டமாவடிப் பக்கம் இருக்கிறார்கள். மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் பட்டிக்காரருக்கு நாம்பன் (காளை) கன்றுகளின் யோசனை. இரு தரப்புக்கும் வேண்டிய சாமான் ஒன்றுதான்: நலமடிக்கும் (விதையைச் செயலிழக்கச் செய்யும்) கிடுக்கி. மிருக மருந்துக் கடையில் கேட்டால் மேசைக்கு வரக்கூடியவை மூன்று வகை. இத்தாலித் தயாரிப்பான அசல் பர்டிஸோ ஒன்று. அதே உருவத்தில் பெயர் எதுவும் பொறிக்காமல் வரும் கிடுக்கி ஒன்று. றப்பர் வளையமும் அதை விரிக்கும் குறடும் சேர்ந்த பெட்டி ஒன்று.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆட்டுக்கு 9 அங்குல அசல் பர்டிஸோ வாங்கலாம், காசு வீண்போகாது. பெயரில்லாததைக் கடையிலேயே நூல் சோதனை செய்து, தேறினால் மட்டும் வாங்கலாம். றப்பர் வளையத்தை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். ஆனால் எதை வாங்கினாலும், பூட்டும் முன் விதைப்பைக்குள் இரண்டு விதையும் இருக்கிறதா என்று தடவிப் பாராவிட்டால் அந்தச் சாமானால் பயனில்லை. "நலமடிச்ச கிடாய்தான், ஆனா மறிகளை விடுதில்ல, மணமும் போகல்ல" என்று கடைக்குத் திரும்பி வருபவர் கிடுக்கியைத்தான் குறை சொல்வார். கிடுக்கியில் பிழை இருந்திருக்கலாம். கிடாய்க்கு ஒரு விதை வயிற்றுக்குள் இருந்திருக்கவும் கூடும். சாமானை விற்கும்போது இந்த இரண்டாவது சங்கதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

பர்டிஸோ என்பது ஆளின் பெயர். இத்தாலியின் லா மொர்ரா ஊர் மிருக வைத்தியர் நப்போலியோனே புர்டிஸ்ஸோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த கருவி இது. தோலை வெட்டாமல், தோலுக்குள் ஓடும் விதை நாணை மட்டும் நசுக்குவது இதன் வேலை. நாணுக்குள்ளே இரத்தக் குழாய், விந்துக் குழாய், நரம்பு மூன்றும் இருக்கின்றன. நசுங்கிய இடத்துக்குக் கீழே இரத்தம் போகாது. நான்கு முதல் ஆறு கிழமைக்குள் விதை சுருங்கி முடிச்சாகிவிடும். வெளியே புண் இல்லாததால் ஈ மொய்க்காது, புழு வைக்காது. கார்த்திகை, மார்கழி மழையில் கொட்டில் சேறாகிக் கிடக்கும்போது இந்த ஒரு குணத்துக்காகவே கத்தியை விட இது மேல்.

தோல் பிழைத்து நாண் மட்டும் நசுங்க வேண்டுமென்றால், இரண்டு தாடையும் அடியிலிருந்து நுனி வரை ஒரே சீராகச் சேர வேண்டும். தோலை வெட்டும் அளவுக்கு முட்டவும் கூடாது, நாண் தப்பும் அளவுக்கு விலகவும் கூடாது. கருவியின் விலை முழுவதும் இந்த மயிரிழையில்தான் இருக்கிறது. அதைக் கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. ஒரு கொப்பித் தாளை இரண்டாக மடித்து, மடிப்புக்குள் சாக்குத் தைக்கும் நூலை வைத்து, தாடைக்கு நடுவே கொடுத்துப் பூட்டுங்கள். திறந்து தாளை விரித்தால் நூல் அறுந்திருக்க வேண்டும், அல்லது நசுங்கித் தட்டையாகி இழுத்த இழுப்பில் அறுந்துவர வேண்டும். தாள் கிழிந்திருக்கக் கூடாது. இதைத் தாடையின் அடியில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, நுனியில் ஒருமுறை செய்யுங்கள். பெயரில்லாக் கிடுக்கிகள் தவறுவது பெரும்பாலும் நுனியில்: அடியில் நூல் அறும், நுனியில் நூல் வளைந்து அப்படியே இருக்கும். பூட்டியபடி வெயிலுக்கு நேரே பிடித்தால் நுனிப் பக்கம் வெளிச்சம் அகலமாகத் தெரியும். அப்படிப்பட்டதை அரத்தால் உராய்ந்து சரிசெய்யலாம் என்று எண்ண வேண்டாம். ஒரு பக்கம் உராய்ந்தால் மறு பக்கம் இடைவெளி கூடும், கூர் விழுந்தால் தோல் வெட்டுப்படும். நூல் சோதனை செய்யவிடாத கடையில் வாங்காதீர்கள்.

அடுத்துக் கீல் ஆணிகள். கைப்பிடிகளை அரைவாசி திறந்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தாடை கடகடவென்று ஆடினால் பூட்டும் நேரம் ஒரு தாடை மற்றதன் மேல் சரியும். மூன்றாவது, தாடை ஓரத்தில் சின்னப் பல் போல நிற்கும் தடுப்பு. பூட்டும்போது நாண் வெளியே வழுக்கிப் போகாமல் மறிப்பது அதுதான். மலிவான சிலவற்றில் அது பேருக்கு ஒரு புடைப்பாக இருக்கிறது. சிலவற்றில் இல்லவே இல்லை. தடுப்பு இல்லாததை எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம்.

எங்கள் ஊர் உப்புக்காற்று இந்தச் சாமானுக்கு எதிரி. கல்லடி, பாலமீன்மடு போலக் கடலுக்குக் கிட்ட இருக்கும் வீடுகளில், மேல்பூச்சு மெல்லியதாக இருந்தால் கீலைச் சுற்றித்தான் முதலில் பூச்சு உரிந்து கறள் பிடிக்கும். வேலை முடிந்ததும் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு கீலுக்கு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசின் மாதிரி ஒட்டும். தாடையைப் பூட்டியபடி வைக்கக் கூடாது. திறந்தபடி துணியில் சுற்றி வையுங்கள். பிள்ளைகள் தடி, கம்பி வைத்துப் பூட்டி விளையாடினால் தாடையில் பள்ளம் விழும். ஒருமுறை விழுந்த பள்ளத்தில் நாண் தப்பும்.

அளவு விசயத்தில் "பெரியதை எடுங்கோ, ஆட்டுக்கும் ஆகும், மாட்டுக்கும் ஆகும்" என்று சொல்லி 16 அங்குலத்தைத் தள்ளிவிடுகிற வழக்கம் இருக்கிறது. கேட்காதீர்கள். 9 அங்குலம் ஆட்டுக்குட்டிக்கு, 12 அங்குலம் வளர்ந்த கிடாய்க்கு, 16உம் 19உம் கன்றுக்கும் நாம்பனுக்கும். பெரிய தாடையைக் குட்டியில் வைத்தால் விதைப்பையின் கழுத்து முழுவதும் ஒரே பூட்டில் அகப்படும். தோலுக்கு இரத்தம் போக நடுவில் வழி இல்லாமல் போய், கீழ்ப்பாகம் கறுத்து, அழுகி விழும். புண்ணே வராது என்று வாங்கிய கருவியால் பெரும் புண் வருவது இப்படித்தான்.

இனிக் கையாளும் விதம். பிடிப்பவர் ஒரு வாங்கில் இருந்துகொண்டு குட்டியின் முதுகைத் தன் நெஞ்சோடு சாய்த்து, வலது முன்காலையும் பின்காலையும் ஒரு கையிலும் இடதுகால்களை மறு கையிலும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு முன் செய்தால் வெயில் ஏறாது, குட்டியின் வயிறும் உப்பியிருக்காது. பூட்டுபவர் முதலில் விதைப்பையை உள்ளங்கையில் ஏந்தி எண்ணிப் பார்க்கட்டும்: மூன்று மாதக் குட்டியில் கொட்டைப்பாக்குப் போல இரண்டு, ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே இறுக்கம். பிறகு ஒரு விதையைக் கீழே இழுத்து, கழுத்துப் பகுதியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் மெல்ல உருட்டினால் தோலுக்குள் பம்பரக் கயிறு ஒன்று வழுக்கி ஓடுவது தெரியும். அதுதான் நாண். அதை வெளி ஓரத்துக்குத் தள்ளிப் பிடித்து, தடுப்பு வெளிப்பக்கம் இருக்கும்படி தாடையை வைத்து, நாண் உள்ளே இருக்கிறதா என்று விரலால் இன்னொரு முறை பார்த்த பின்பே பூட்ட வேண்டும். சரியாகப் பூட்டினால் உள்ளே ஒரு சின்ன "நறுக்" கைக்குத் தெரியும். இருபது எண்ணும் வரை விடாதீர்கள்.

இரண்டாவது பூட்டு அதே நாணில், முதலாவதற்கு ஒரு சென்ரிமீற்றர் கீழே. மேலே போடக் கூடாது. முதல் பூட்டில் நரம்பு நசுங்கியிருப்பதால் கீழே போடும் இரண்டாவதில் நோவு குறைவு. பிறகு மற்றப் பக்கம். அந்தப் பக்கத்துக் கோடு இந்தப் பக்கத்துக் கோட்டோடு ஒரே நேரில் சேரக் கூடாது. நடுவில் கழுத்தகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தோல் கிடுக்கி படாமல் இருக்க வேண்டும். கிடாய்க்குட்டிக்கும் விதைப்பையின் மேலே சின்ன முலைக்காம்புகள் இருக்கும்; தாடை அவற்றுக்குக் கீழேதான் வர வேண்டும். அதற்கு மேலே ஏறினால் மூத்திரக் குழாய் நசுங்கும் ஆபத்து உண்டு.

நோவு என்பதை ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. இரத்தம் வராவிட்டாலும் குட்டி கத்துவது நோவால்தான். அரச மிருக வைத்திய அலுவலகத்திலோ தனியார் டொக்டரிடமோ சொன்னால் நாணைச் சுற்றி லிக்னொக்கேய்ன் எனும் விறைப்பு மருந்து போட்டுத் தருவார். ஆடு இந்த மருந்துக்குக் கூச்சமான மிருகம். 2 சதவீத மருந்தில் 10 கிலோக் குட்டிக்கு மொத்தம் 2.5 மில்லிலீற்றருக்கு மேல் போகக் கூடாது. இரு பக்கத்துக்கும் காணாதென்றால் நீர்த்துப் போடுவார்கள், அளவைக் கூட்டமாட்டார்கள். கூடவே நோவைத் தணிக்கும் மெலொக்சிகாம் ஊசி, கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் கணக்கில். மருந்து போட்டபின் ஐந்து நிமிடமாவது பொறுத்துப் பூட்டுங்கள். ஊசி போட்ட உடனே பூட்டினால் ஊசியின் நோவும் சேரும், பலன் ஒன்றும் இல்லை. இறைச்சிக்கு விடும் முன் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள்.

அன்று பின்னேரம் வீக்கம் வரும், குட்டி காலை அகட்டி நடக்கும், இரண்டு மூன்று நாளில் தணியும். ஆறு கிழமை கழித்துத் தடவிப் பாருங்கள். இரண்டும் சுருங்கிக் கடினமான சிறு முடிச்சாக இருந்தால் சரி. ஒன்று இன்னும் உருண்டு, அமுக்கினால் துள்ளிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்து நாண் தப்பியிருக்கிறது, திரும்பப் பூட்ட வேண்டும். இந்த ஆறு கிழமையும் மறிகளோடு விடாதீர்கள். குழாயில் தங்கிய விந்து சினைப்படுத்தும்.

வயது பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு மாதத்தில் கிடாய்க்குட்டி மறியைச் சினைப்படுத்த வல்லது. மிகச் சின்ன வயதில் நலமடித்தாலோ மூத்திரக் குழாய் ஒடுங்கியபடி நின்றுவிடும். நெல் ஆலைத் தவிட்டை வாளி வாளியாக வைத்துக் கொழுக்கவைக்கும் எங்கள் பகுதிக்கு இது சின்ன விசயமில்லை. தவிட்டில் பொஸ்பரஸ் அதிகம், அதற்கு ஈடாகக் கல்சியம் சேராவிட்டால் மூத்திரத்தில் கல் கட்டும், ஒடுங்கிய குழாயில் கல் அடைத்தால் கிடாய் முக்கி முக்கியே சாகும். ஆகவே மூன்று மாதம் முடிந்து நாலாம் மாதத்துக்குள் செய்வது தோதான காலம். இலைகுழை நிறையப் போடுங்கள், தண்ணீர் வாளி எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

றப்பர் வளையப் பெட்டி மலிவு, கையில் கனமில்லை, பழகுவதும் சுலபம். பிறந்து சில நாளான குட்டிக்கென்று செய்த சாமான் அது. மேலே சொன்ன மூத்திரக் குழாய்ப் பிரச்சினை முழுதாக அங்கே வரும். வளையத்துக்குக் கீழே உள்ள பாகம் செத்து விழும் வரை ஈரமான புண் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். மாட்டெரு கலந்த மண்ணில் ஏற்புவலிக் (டெட்டனஸ்) கிருமிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஏற்புவலித் தடுப்பூசி போடாத குட்டியில் இரண்டு மூன்று கிழமைக்குள் காது விறைத்து, தாடை இறுகி, கால்கள் மரக்குற்றியாக நின்றால் பிழைப்பது கடினம். அதைவிட முக்கியம்: குட்டி உதைக்கும் நேரத்தில் ஒரு விதை வளையத்துக்கு மேலே நழுவும். வளையம் தன் வேலையை முடித்துப் பை விழுந்துவிடும், விதையோ வயிற்றுத் தோலோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். உடல் சூட்டில் அதற்கு விந்து உண்டாக்க முடியாது, ஆனால் ஆண் ஹோர்மோன் சுரந்துகொண்டே இருக்கும். பார்வைக்கு நலமடித்த கிடாய். குணத்துக்கும் மணத்துக்கும் முழுக் கிடாய்.

இயற்கையாகவே விதை இறங்காத கிடாயிலும் நடப்பது இதுதான். ஆட்டுக்குட்டி பிறக்கும்போது இரண்டு விதையும் பைக்குள் இறங்கியிருக்க வேண்டும். கருவில் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உருவாகி, ஒரு தசைநார் வழிகாட்ட, அடிவயிற்றுத் துவாரத்தின் வழியே பைக்கு வருகிறது. வழியில் எங்கேயும் நின்றுவிடலாம்: வயிற்றுக்குள், துவாரத்தில், தோலுக்கடியில். ஆட்டின் உடல் சூடு 39 பாகை செல்சியஸை ஒட்டியது. விதைக்குத் தேவை அதைவிடச் சில பாகை குறைவு. அதனால்தான் உள்ளே நின்ற விதை சிறுத்து மெத்தென்று இருக்கும், விந்து தராது. ஹோர்மோன் சுரக்கும் கலங்களுக்கு அந்தச் சூடு தடையில்லை.

ஒற்றை விதைக் கிடாய் கையில் அகப்பட்டால் வெளியே இருக்கும் ஒன்றைப் பூட்டிவிட்டு அனுப்பாதீர்கள். இது நாங்கள் ஒரேயடியாகச் சொல்லும் இடம். வெளியே இருந்ததும் சுருங்கிவிட்டால் அடுத்து வாங்குபவருக்கு அடையாளம் ஒன்றும் மிஞ்சாது. கொம்புக்குப் பின்னால் உள்ள சுரப்பிகள் நாறும், தாடியில் மூத்திரம் பெய்துகொள்ளும், மறிகளை முட்டும், இறைச்சியிலும் மணம் ஏறும், எந்தப் பக்கத்து விதை மிச்சம் என்று டொக்டருக்கும் தெரியாது. குட்டியை வாங்கில் நிற்கவைத்து, பின்னாலிருந்து இரண்டு கையையும் கொடுத்து, பையிலிருந்து மேலே, தொடை இடுக்கு வரை இரு பக்கமும் ஒரே நேரத்தில் தடவுங்கள். பயந்த குட்டி விதையை மேலே இழுத்துக்கொள்ளும், ஆகவே அமைதியான நேரத்தில் இன்னொரு முறை பாருங்கள். இடுக்கில் சின்ன உருண்டை தட்டுப்பட்டால் அதையும் கிடுக்கியால் பிடிக்க முயல வேண்டாம். இரண்டையும் ஒரே தடவையில் ஒப்பரேஷனில் எடுப்பதுதான் வழி. செலவு கூட என்றால், ஆணின் மணம் ஏறும் முன்பே, ஆறு மாதத்துக்குள் இறைச்சிக்கு விடலாம். உழ்ஹிய்யாவுக்கென்று வைத்திருப்பவர் உங்கள் மௌலவியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும். எக்காரணம் கொண்டும் அதைப் பொலிகிடாயாக வைக்காதீர்கள். ஒரு விதையாலும் சினைப்படுத்தும், ஆனால் இந்தக் குறை பரம்பரையாக வருவது, குட்டிகளுக்கும் கடத்தும். அங்கோரா ஆடுகளில் இதைப் பரம்பரை பரம்பரையாகத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அங்கே உள்ளே நிற்பது பெரும்பாலும் வலப்பக்கத்து விதை.

பைக்குள் ஒன்றுமே இல்லை, பையே ஒரு மடிப்பளவுதான் இருக்கிறது என்றால் கிடுக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைப் பாருங்கள். கொம்பு பிறப்பிலேயே இல்லையா? சானன் போன்ற சீமைப் பால் ஆட்டுக் கலப்பா? அப்படியென்றால் அது கிடாயே இல்லாமல் இருக்கலாம். ஆட்டில் கொம்பில்லாத் தன்மையையும் பாலுறுப்பு மாற்றத்தையும் ஒரே மரபணுக் குறை ஆளுகிறது. முதலாம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) ஏறத்தாழ 11,700 டி.என்.ஏ. எழுத்து நீளத் துண்டு ஒன்று இல்லாமல் போயிருப்பது காரணம் என்று 2001இல் கண்டறிந்தார்கள். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் அந்தக் குறையை வாங்கிய பெட்டைக்குட்டி, நிறமூர்த்தத்தில் பெட்டையாக இருந்தும் சூலகத்துக்குப் பதில் விதையைக் கொண்டு வளரும். யோனி ஒடுங்கிக் கீழே தள்ளியிருக்கும், அதன் நுனியில் பட்டாணி போல ஒரு மொட்டு நீட்டும், மூத்திரம் பின்பக்கம் மேல்நோக்கிப் பீச்சும், முலைக்காம்பு சிறுத்திருக்கும். சில முழுக் கிடாய் போலவே தோன்றும். பேடு என்று எங்கள் மொழியில் இதற்குச் சொல் எப்போதோ இருக்கிறது. அது சாபமும் இல்லை, வளர்த்தவரின் தீட்டும் இல்லை. கொம்பில்லாத கிடாயையும் கொம்பில்லாத மறியையும் சேர்த்ததால் வந்தது. சோடியில் ஒன்றாவது கொம்புள்ளதாக இருந்தால் இது வராது. ஜமுனாபாரி கொம்புள்ள இனம். சானன் கலப்பு வைத்திருப்பவர்கள் அதை நினைவில் வைக்கட்டும்.

பட்டிக்காரருக்கு இதோடு ஒட்டிய ஒரு தகவல். நாம்பனோடு இரட்டையாகப் பிறந்த நாகு (பெட்டைக் கன்று) பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடு. கருவில் இரண்டின் இரத்தமும் கலந்து, நாம்பனின் ஹோர்மோன் நாகின் கருப்பையை வளரவிடாமல் செய்துவிடுகிறது. பிறந்து ஒரு மாதத்துக்குள், சுத்தமான மழுங்கல் முனைக் குழாயொன்றில் வழுக்கும் களிம்பு தடவி யோனிக்குள் மெதுவாக விட்டுப் பார்த்தால் நல்ல கன்றில் 12 முதல் 15 சென்ரிமீற்றர் போகும், மலட்டுக் கன்றில் 5 முதல் 8 வரைதான். பலமாக அமுக்கக் கூடாது. மூன்று வருடம் தீன் போட்டுச் சினைக்குக் காத்திருக்கும் செலவு இதனால் மிஞ்சும்.

கடைசியாகக் குதிரை. 19 அங்குலக் கிடுக்கியைப் போனிக் குதிரைக்குப் பாவிக்கலாமா என்ற கேள்விக்கு "ஓம்" என்று பதில் சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டாம். குதிரையின் விதைப்பை ஆட்டினதைப் போலத் தொங்குவதில்லை, தொடைகளுக்கிடையில் உடலோடு ஒட்டியிருக்கும், விதை கிடைமட்டமாகக் கிடக்கும், தனியாகப் பிடிக்கக் கழுத்தே இல்லை. அதற்குரிய கருவியின் பெயர் இமாஸ்குலேற்றர்: மயக்க மருந்து கொடுத்து, தோலைத் திறந்து, நாணை ஒரே நேரத்தில் நசுக்கி வெட்டுவது. பர்டிஸோவின் பொதுப் பெயர் இமாஸ்குலற்றோம். ஒலியில் கிட்ட இருப்பதால் ஓடர் கொடுக்கும்போது இரண்டும் மாறிப்போகும், பெட்டியைத் திறந்து பார்த்து வாங்குங்கள்.

குதிரைக் குட்டிக்கு விதை இறங்குவது பிறப்பதற்கு முந்திய ஒரு மாதத்துக்கும் பிறந்த பத்து நாளுக்கும் இடையில். இரண்டு கிழமையில் உள் துவாரம் ஒடுங்கிவிடும், அதன்பிறகு வயிற்றுக்குள் நிற்பது ஒருநாளும் இறங்காது. துவாரத்துக்குள் நிற்பது மட்டும் இரண்டு மூன்று வயது வரை இறங்கக்கூடும். இடது விதை நின்றால் பெரும்பாலும் வயிற்றுக்குள், வலதென்றால் துவாரத்துக்குள். விதை உள்ளே இருக்க, அதனோடு ஒட்டிய விந்துச் சுருள்குழாயின் வால்நுனி மட்டும் துவாரத்தில் எட்டிப்பார்ப்பதுண்டு. அதைச் சின்ன விதை என்று எண்ணி வெட்டியெடுத்துவிட்டு வேலை முடிந்ததென்று அனுப்புவதுதான் இந்த ஒப்பரேஷனின் பெயர்பெற்ற பிழை. எடுத்ததைப் பிளந்து பார்த்து, விதைதானா என்று உறுதி செய்யும்படி கேளுங்கள்.

நலமடித்ததென்று வாங்கிய குதிரை குதிரைப்பெட்டையைக் கண்டு ஆண்குதிரை போலத் துள்ளினால், விதை மிச்சமா வெறும் பழக்கமா என்பதை இரத்தம் சொல்லும். முதலில் ஒரு மாதிரி எடுத்து, எச்.சி.ஜி. எனும் ஹோர்மோனை 6,000 முதல் 12,000 அலகு நரம்பில் போட்டு, ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் இரண்டாவது மாதிரி எடுத்து, ஆண் ஹோர்மோனான டெஸ்ரொஸ்ரரோன் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது ஒரு முறை. ஈஸ்ட்ரோன் சல்பேற் எனும் இன்னொரு ஹோர்மோன் அளவை மூன்று வயதுக்கு மேல்தான் நம்பலாம், கழுதைக்குச் செல்லாது. விதையில் சுரக்கும் ஏ.எம்.எச். ஹோர்மோனை எந்த வயதிலும் ஒரேயொரு இரத்த மாதிரியில் பார்க்கலாம், முழுதாக நலமடித்த குதிரையில் அது அகப்படாது. இந்த மூன்றிலும் விடை தெளியாமல், உறுப்பின் அமைப்பும் பெட்டைக்கும் ஆணுக்கும் இடைப்பட்டதாக இருந்தால் நிறமூர்த்தம் பார்க்க வேண்டும். குதிரைக்கு 64. எக்ஸ் எக்ஸ் (பெட்டைக்குரிய சோடி) ஆக இருந்தும் ஆண் குணத்தோடு வயிற்றுக்குள் விதை வைத்திருப்பதும் உண்டு. எக்ஸ் வை (ஆணுக்குரிய சோடி) ஆக இருந்து பார்வைக்கு முழுப் பெட்டையாக நிற்பதும் உண்டு. 63 மட்டும் இருந்து, ஒரேயொரு எக்ஸோடு, வளர்த்தி குறைந்து சினைப்படாமலே இருக்கும் பெட்டையும் உண்டு. அந்தச் சோதனைக்கு உயிருள்ள கலம் வேண்டும் என்பதால் இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஹெப்பரின் குழாயில் எடுத்து, ஐஸாக உறையவிடாமல், தாமதிக்காமல் சேர்க்க வேண்டும். மட்டக்களப்பிலிருந்து கேட்க வேண்டிய இடம் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடம். இரத்தம் எடுப்பதற்கு முதல்நாளே போன் பண்ணி, எந்தக் குழாய், எத்தனை மில்லிலீற்றர், எந்த நாளில் பொறுப்பெடுப்பார்கள் என்று உங்கள் டொக்டரைக் கொண்டு கேட்பியுங்கள்.